தன்முன்னேற்ற நூல்களில் எழுவாய்

தமிழில் இன்று மிகுதியாக விற்பனையாகும் நூல்வகைகளுள் ஒன்று, புத்தகக் கடைகளில் ‘தன்னம்பிக்கை’, ‘சுயமுன்னேற்றம்’, ‘வாழ்வியல்’, ‘உளவியல்’ எனப் பல பெயர்களின்கீழ் அடுக்கப்பட்டிருக்கிறது. பெயர்கள் வேறுவேறு துறைகளைச் சுட்டுவன போலத் தோன்றினும் உள்ளீடு பெரும்பாலும் ஒன்றே: மனத்தின் இயல்பு, பிறரோடு பழகும் முறை, சமூகத்தில் உயரும் வழி. திறனாய்வாளர் இவ்வகையைப் பொருட்படுத்துவதில்லை. இலக்கியம் அன்று என்பது ஒரு காரணம். அறிவியலும் அன்று என்பது மற்றொன்று. இரண்டுக்கும் புறம்பாக நிற்பதால், எவருடைய மதிப்பீட்டுக்கும் உட்படாத, ஆனால் மிகப் பலர் படிக்கிற உரைநடையாக அது வளர்ந்துள்ளது. துன்பத்தில் உள்ள ஒருவர் மருத்துவரைத் தேடுவதற்கு முன்னர் இத்தகைய நூலொன்றைத் தேடும் நிலை பல குடும்பங்களில் உண்டு. ஆகவே அந்நூல்களின் வாக்கியங்கள் படிப்பவரை எந்த இடத்தில் நிறுத்துகின்றன என்று காண்பது மொழியியலுக்கும் உரிய பணியே.

இக்கட்டுரை ஓர் இலக்கணக் கேள்வியை மட்டும் எழுப்பிப் பார்க்கிறது: இவ்வாக்கியங்களில் எழுவாய் யார்? கேள்வி சிறியது, விடையோ சில வேளைகளில் ஒருவருடைய நோயைக் குற்றமாக மாற்றிவிடுகிறது.

வ.உ.சி.யும் ஜேம்ஸ் ஆலனும்

இவ்வகை நூல்கள் அண்மைக்கால அமெரிக்க இறக்குமதி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் (1864–1912) எழுதி 1903இல் வெளிவந்த ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ என்னும் சிறுநூல், ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில் 1909இலேயே தமிழுக்கு வந்துவிட்டது. மொழிபெயர்த்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவர் ஆலனின் வேறு நூல்களையும் ‘அகமே புறம்’ (1914), ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்னும் பெயர்களில் தமிழாக்கினார். சுதேசிக் கப்பல் நிறுவனத்தை எழுப்பியவரும் பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவரும் ஆகிய ஒருவரே தமிழ்த் தன்முன்னேற்ற உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் நிற்பது, இவ்வகையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பதற்குப் போதிய சான்றாகும்.

தலைப்புகளே கவனத்திற்குரியன. ஆங்கிலத் தலைப்பு விவிலியத்தின் நீதிமொழிகள் நூலிலுள்ள ஒரு தொடரிலிருந்து முறித்தெடுக்கப்பட்டது. அதில் எண்ணுகிற மனிதன் எழுவாயாக நிற்கிறான். எண்ணுதல் அவனுடைய வினை. தமிழ்த் தலைப்பில் எழுவாயும் இல்லை, வினைமுற்றும் இல்லை. மனம், வாழ்வு என்னும் இரு பெயர்களுக்கு இடையே ‘போல’ என்னும் உவமவுருபு மட்டுமே உள்ளது. எண்ணுபவன் பின்னுக்குச் சென்றுவிட்டான். ‘மனம்போல மாங்கல்யம்’ என்னும் வழக்கின் ஓசையும் தமிழர் செவிக்கு உடன் கேட்கும். அது வாழ்த்தாகச் சொல்லப்படுவது, விதியாக அன்று. மூலநூல் காரணகாரியம் பேசுகிறது. தமிழ்த் தலைப்பு ஒப்புமை பேசுகிறது. இவ்விடைவெளி மொழிபெயர்ப்பாளர் கருதிச் செய்ததா, வழக்கு தானே இழுத்துச் சென்றதா என்பது முக்கியமன்று. மொழி அவ்விடைவெளிக்கு இடமளிக்கிறது என்பதே இங்கு வேண்டுவது.

‘அகமே புறம்’ இன்னும் செறிவானது. இரு பெயர்கள் ஒன்றுக்கொன்று பயனிலையாகி நிற்கும் இத்தொடரில் பொருள் முழுவதும் ஓர் ஏகாரத்தில் தொங்குகிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ஏகாரத்துக்குக் கூறும் பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் அடங்கும். தேற்றமாகக் கொண்டால், ஒருவரின் அகம் புறத்தே வெளிப்படும் என்பது உறுதி எனப் பொருள்படும். பிரிநிலையாகக் கொண்டால், புறத்தை அமைப்பது அகம் மட்டுமே, பிறிதொன்று அன்று என்றாகும். முதற்பொருள் யாவரும் ஏற்கத்தக்கது. இரண்டாவது, கூலியையும் சாதியையும் சட்டத்தையும் நோயையும் ஒரே எழுத்தால் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. பின்வந்த தன்முன்னேற்ற நூல்களில் பெரும்பாலானவை, இத்தலைப்பை அறியாமலேயே, இந்த இரண்டாம் ஏகாரத்தின்மீது கட்டப்பட்டவை எனலாம்.

வ.உ.சி.யின் வாழ்க்கையோ அந்த இரண்டாம் ஏகாரத்துக்கு நேர் மறுப்பு. 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் 1912 இறுதி வரை அடைபட்டிருந்தவர் அவர். செக்கிழுத்தவருடைய புறத்தை அமைத்தது அவருடைய அகம் அன்று. ஓர் அரசும் அதன் நீதிமன்றமும். வழக்கறிஞராகிய அவர் இதனை அறியாதவர் அல்லர். பின் ஏன் ஆலன்? எல்லாம் பறிக்கப்பட்ட ஒருவர், பறிக்க இயலாத ஒன்றைப் பற்றிக்கொள்வது இயல்பு என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. ‘என் உள்ளம் என்னுடையது’ என்று கைதி தனக்குச் சொல்லிக்கொள்வது வலிமை. அதே கூற்றைச் சிறை அதிகாரி கைதியை நோக்கி, ‘உன் நிலைக்கு உன் உள்ளமே காரணம்’ என்று கூறினால் அது ஏளனம். கருத்து மாறவில்லை; இடம் மட்டும் தன்மையிலிருந்து முன்னிலைக்கு மாறியது. வ.உ.சி. தாமே இயற்றிய ‘மெய்யறம்’, மாணவரியலிலும் இல்வாழ்வியலிலும் நின்றுவிடாமல் அரசியலுக்கு மிகுந்த இடம் தந்து 125 அதிகாரங்களாக விரிவதையும் இங்கு நினைவுகூர வேண்டும். அகத்தைத் திருத்தினால் அரசு தானே திருந்திவிடும் என அவர் விட்டுவிடவில்லை.

எனக்கு, நான்

மன நிகழ்வுகளைத் தமிழ் கூறும் முறை ஆங்கிலம் கூறும் முறையின் வேறானது என்பது பலரும் அறிந்ததே. ‘எனக்குக் கோபம் வருகிறது’, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘எனக்குப் புரிகிறது’, ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘எனக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது’. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். உணர்வு அவரிடம் வந்து சேர்கிறது. கன்னடத்தார் ‘நனகெ’ என்றும், தெலுங்கர் ‘நாகு’ என்றும், மலையாளிகள் ‘எனிக்கு’ என்றும், இந்தி பேசுவோர் ‘முஜே’ என்றும் இதனையே கூறுகின்றனர். இந்திய மொழிகள் குடும்ப எல்லை கடந்து பகிர்ந்துகொள்ளும் கூறுகளுள் இது ஒன்று. மணீந்திர வர்மாவும் கே.பி. மோகனனும் 1990இல் பதிப்பித்த ஆய்வுத் தொகுதி முழுவதும் இத்தகைய எழுவாய்களைப் பற்றியதே.

இதனைக் கொண்டு தமிழர் விதியை நம்புபவர், ஆங்கிலேயர் முயற்சியாளர் என்று முடிவுகட்டுவது பிழை. அத்தகைய அவசர முடிவுகளால் மொழியியல் பெற்ற அவப்பெயர் போதும். மேலும், பழந்தமிழில் வெகுள், சின, அஞ்சு, நாணு போன்ற வினைகள் உணர்பவரையே எழுவாயாகக் கொண்டன. திருக்குறள் அதிகாரப் பெயராகிய ‘வெகுளாமை’ அத்தகைய வினையிலிருந்து பிறந்ததே. ஆகவே நான்காம் வேற்றுமை அமைப்பு தமிழின் மாறாத உள்ளியல்பு அன்று. இக்கால வழக்கில் வலுப்பெற்று நிற்கும் ஒரு வாய்ப்பு. அவ்வாய்ப்பு எதற்குப் பயன்படுகிறது, எதற்குத் தடையாகிறது என்பதே கேள்வி.

அறிவுரை நூலுக்கு அது பெருந்தடை. நான்காம் வேற்றுமை எழுவாய் கொள்ளும் வினைகளுக்கு ஏவல் இல்லை. ஒருவரைப் பசிக்கும்படி ஏவ இயலாது. புரியும்படியும் வலிக்காதபடியும் ஏவ இயலாது. பக்கத்துக்குப் பக்கம் ஏவல் வினைமுற்றால் நடக்கும் ஒரு நூல்வகை இத்தடையை எவ்வாறு கடக்கிறது? இரண்டு துணைவினைகளின் உதவியால்.

ஒன்று, ‘படு’. கோபம் வருகிறது என்பது கோபப்படு ஆகிறது. கவலை, கவலைப்படு ஆகிறது. எழுவாய் முதல் வேற்றுமைக்கு வந்துவிட்டாலும், ‘படு’ என்பதில் துய்த்தற்பொருள் இன்னும் ஒட்டியுள்ளது. அடிபடுபவனும் கவலைப்படுபவனும் ஒரே வினையால் கூறப்படுகின்றனர். இவ்வினைகள் ஏவலில் வரும்போது எதிர்மறையே பெருவழக்கு. ‘கவலைப்படாதே’ என்று பாட்டி பேரனுக்குச் சொல்வது கட்டளையன்று, ஆறுதல். நூல்களில் அதே சொல் பயிற்சியின் முதற்படியாகிவிடுகிறது.

மற்றொன்று ‘கொள்’. தன்முன்னேற்றத் தமிழின் உண்மையான இயந்திரம் இதுவே. புரிகிறது என்பது புரிந்துகொள்ளுங்கள் ஆகும். தெரிகிறது என்பது தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள், வளர்த்துக்கொள்ளுங்கள், பழகிக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள். வினையின் பயன் வினைசெய்பவரையே சேரும் என்னும் பொருளை இத்துணைவினை தருகிறது. நான்காம் வேற்றுமையில் பெறுபவராக இருந்தவர் ‘கொள்’ வந்தவுடன் செய்பவராகவும் ஆகிவிடுகிறார். ‘உங்களை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்னும் வாய்பாட்டில் இது முழுமை பெறுகிறது: ‘மாறு’ என்னும் தன்வினை போய் ‘மாற்று’ என்னும் பிறவினை வந்தது, எழுவாயும் செயப்படுபொருளும் ஒருவரே, பயனும் அவருக்கே. ஒரே ஆள் வைத்தியராகவும் நோயாளியாகவும், நோய் தீராதபோது குற்றவாளியாகவும் நிற்பதற்கு வேண்டிய இடம் முழுவதும் இவ்வாய்பாட்டில் உள்ளது.

‘பிடிக்கிறது’ மட்டும் இவ்வியந்திரத்துக்கு இணங்குவதில்லை. பிடித்துக்கொள் என்றால் கம்பியைப் பிடித்துக்கொள் என்றாகிவிடும். ஆகவே உறவு பற்றிய நூல்கள் ‘நேசியுங்கள்’, ‘அன்பு செலுத்துங்கள்’ என வேறு சொல் தேடுகின்றன. அன்பைக் கட்டணம்போலச் செலுத்தச் சொல்லும் இத்தொடர் எவருக்கும் நெருடாத அளவுக்கு இன்று பழகிவிட்டது.

உறவு நூல்களைப் பற்றி மேலும் ஒன்று. ‘விட்டுக்கொடுங்கள்’, ‘அனுசரித்துப் போங்கள்’ ஆகியவை இவற்றில் ஓயாது வருவன. எதனை, யாருக்கு, எதுவரை என்பன கூறப்படுவதில்லை. தமிழின் முன்னிலையில் பால் வேறுபாடு இல்லாமையால் அறிவுரை கணவன் மனைவி இருவருக்கும் பொது என்று நூலாசிரியர் கூறக்கூடும். இலக்கணத்தில் அது உண்மை. வீட்டில் அவ்வேவல் யார் தலையில் இறங்குகிறது என்பது எவரும் அறிந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல்வழித் துன்புறுத்தலோடு சொல்வழி, மனவழி, பொருளாதார வழித் துன்புறுத்தல்களையும் வரையறுத்தபோது, அவ்வாக்கியங்களுக்கு ஓர் எழுவாயை அளித்தது: துன்புறுத்துபவர். உறவு நூல்களில் அந்த எழுவாயைக் காண்பது அரிது.

உன்னால் முடியும்

இவ்வகையின் தமிழாசிரியர்களுள் தனித்து மதிக்கத்தக்கவர் எம்.எஸ். உதயமூர்த்தி (1928–2013). வேதியியல் பயின்று அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பியவர். ‘எண்ணங்கள்’ உள்ளிட்ட பல நூல்களை எழுதினார். 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கிய ‘உன்னால் முடியும் தம்பி’ திரைப்படத்தின் நாயகனுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

‘உன்னால் முடியும்’ என்பது ஆங்கிலத்தின் ‘யூ கேன்’ என்பதற்கு நிகரெனக் கருதப்படுகிறது. இலக்கணம் அவ்வாறு கூறவில்லை. ஆங்கிலத்தில் ‘நீ’ எழுவாய்; ஆற்றல் அவனுடைய வினை. தமிழிலோ ‘நீ’ மூன்றாம் வேற்றுமை ஏற்றுக் கருவியிடத்தில் நிற்கிறது. முடிவது ஒரு செயல். ஒருவர் வழியாக அது முடியும். வேறொருவர் வழியாகவும் முடியலாம். முடியாமற்போனால் பழி முழுவதும் அவர்மேல் விழுவதில்லை. ‘என்னால் முடியவில்லை’ என்று தமிழில் வெட்கமின்றிச் சொல்லலாம். ‘தம்பி’ என்னும் விளியும் வெறும் அணியன்று. கூறுபவரை அது அண்ணன் நிலையில் வைக்கிறது. அண்ணனுக்குத் தம்பியின் தோல்வியில் பங்குண்டு. அவருடைய நூலொன்றின் தலைப்பில் ‘நம்மால் முடியும்’ எனக் கேட்பவரையும் உளப்படுத்தும் பன்மை வருவது இதன் இயல்பான அடுத்த படி; இயக்கமாக வளர இடம் தந்ததும் அதுவே. தங்கைக்கு அவ்விளியில் இடமில்லை என்னும் குறை இருக்கவே செய்கிறது. ‘எண்ணங்கள்’ நூலிலும் ஆலனின் காரணகாரியம் தொடர்கிறது. எனினும் அவருடைய வாக்கியங்களில் பேசுபவர் கேட்பவரின் பக்கத்திலேயே நிற்கிறார்.

அண்மைக்கால மொழிபெயர்ப்புகளில் அந்த நெருக்கம் இல்லை. 2006இல் வெளிவந்து உலகெங்கும் விற்ற ரோண்டா பைர்னின் ‘தி சீக்ரெட்’ தமிழிலும் கிடைக்கிறது. ஒருவரின் வாழ்வில் நிகழ்வன யாவும் அவருடைய எண்ணங்களால் ஈர்க்கப்பட்டவை என்பது அந்நூலின் அடிப்படைக் கொள்கை. ‘ஈர்’ செயப்படுபொருள் குன்றா வினை. அதன் எழுவாய் ‘நீங்கள்’. செயப்படுபொருளாகச் செல்வமும் வரலாம், புற்றுநோயும் வரலாம். இலக்கணம் தடுக்காது. தமிழில் இயல்பாக ‘அவருக்கு நோய் வந்தது’ என்னும் வாக்கியத்தை ‘அவர் நோயை ஈர்த்தார்’ என்று மாற்ற எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பின் சரளம் மறைத்துவிடுகிறது.

அழுத்தமும் சோர்வும்

சொற்களின் அளவிலும் ஒரு குழப்பம் நிலவுகிறது. ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் இன்று இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குகிறது. வேலைப்பளு, தேர்வு, கடன் ஆகியவற்றால் எழும் நெருக்கடி ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ எனப்படுவது. ‘டிப்ரஷன்’ எனப்படும் நோய் மற்றொன்று. பிந்தையதற்கு ‘மனச்சோர்வு’ என்னும் சொல் இருந்தும் நாளிதழ்களும் நூல்களும் அழுத்தம் என்றே எழுதுகின்றன. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளே கீழ்நோக்கி அழுத்துதல் என்பதால் இப்பெயர்ப்பைப் பிழை என ஒதுக்கவும் இயலவில்லை. ஆனால் விளைவு தீயது. நெருக்கடி, காரணம் நீங்கினால் நீங்கும். நடைப்பயிற்சியும் நண்பர்களும் ஓய்வும் உதவும். மனச்சோர்வு நோயோ குறைந்தது இரு வாரமாகத் தொடர்ந்து, பெரும்பாலும் நாள் முழுவதும், உறக்கத்தையும் பசியையும் எதிலும் உள்ள நாட்டத்தையும் குலைப்பது. ஒரே பெயரால் வழங்குவதால், முதலாவதற்கு எழுதப்பட்ட அறிவுரையை இரண்டாவதால் துன்புறுபவர் படித்து, பயன் காணாமல், தம்மையே நொந்துகொள்கிறார்.

தகுதியின்மை உணர்வும் அளவிறந்த குற்றவுணர்வும் அந்நோயின் குறிகளுள் அடங்குவன என்பதை இங்குச் சேர்த்து நோக்க வேண்டும். லின் ஆப்ரம்சன், மார்ட்டின் செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் 1978இல் எழுதிய கட்டுரை, தீய நிகழ்வுகளுக்குத் தன்னையே காரணமாகவும், அக்காரணம் மாறாததாகவும், வாழ்வு முழுவதும் பரந்ததாகவும் கொள்ளும் மனப்போக்கை மனச்சோர்வோடு தொடர்புபடுத்தியது. ‘உங்கள் நிலைக்கு நீங்களே காரணம்’ என்னும் வாக்கியம் நோயாளிக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை; நோய் அவருக்கு ஓதிக்கொண்டிருப்பதையே அச்சிட்டுத் தருகிறது. (பிற்காலத்தில் நேர்மறை உளவியலின் தலைவராக அறியப்பட்டவரும் இதே செலிக்மன்தான், அவர் பெயரை மேற்கோள் காட்டும் தன்முன்னேற்ற நூல்கள் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றிப் பேசுவது அரிது.) பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலச் சிக்கல் உடையோருள் சிகிச்சை பெறாதோர் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை உளர் எனக் கண்டது. அவ்விடைவெளியில் என்னென்ன படிக்கப்படுகின்றன என்பது சிறிய செய்தியன்று.

எண்ணங்களைக் கொண்டு சிகிச்சை செய்யும் உளவியல் முறை இல்லாமல் இல்லை. ஆரன் பெக் (1921–2021) 1960களில் வகுத்த அறிதல்வழிச் சிகிச்சை அத்தகையது. தன்முன்னேற்ற நூல்கள் தம் கொள்கைக்கு அதனைச் சான்றாக இழுப்பதும் உண்டு. இழுப்பது தவறு. பெக் ‘தானியங்கி எண்ணங்கள்’ என்று பெயரிட்டவை நோயாளி எண்ணுபவை அல்ல, அவருக்குத் தோன்றுபவை. அவற்றை விரட்டுமாறோ நல்லெண்ணம் கொள்ளுமாறோ சிகிச்சை அவரை ஏவுவதில்லை. தோன்றிய எண்ணம் உண்மையா, அதற்குச் சான்று என்ன, மாறான சான்று உண்டா என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து ஆராய்கின்றனர். எண்ணம் முதலில் வந்து சேர்ந்த ஒன்றாக ஏற்கப்பட்ட பின்னரே அதனை எடுத்துப் பார்க்க இயல்கிறது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை விளக்கத் தனிக் கலைச்சொல் தேவைப்பட்டது. தமிழில் ‘நான் இப்படி எண்ணுகிறேன்’ என்பதற்கும் ‘எனக்கு இப்படி ஓர் எண்ணம் வருகிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாடாக அது அன்றாடப் பேச்சிலேயே கிடக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் கைக்கெட்டிய இவ்வமைப்பை விட்டு ‘எதிர்மறை எண்ணங்களை விட்டொழியுங்கள்’ என்று எழுதுகின்றனர்.

தமிழில் பேசும் மனநல மருத்துவர் நோயாளியிடம் முதலில் கேட்பனவற்றை இதனோடு ஒப்பிடலாம். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? பசி எடுக்கிறதா? முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா? எல்லா வினாக்களிலும் நோயாளி நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். இவற்றுள் ஒன்றையும் ஏவலாக மாற்ற இயலாது.